சிகிச்சை எடுத்துவிட்டு வேலைக்குத் திரும்புகிறவரோடு என்ன கதைப்பது?

கேள்வி: நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நிதிக் கொம்பனியின் கிளை முகாமையாளர். கடன் அறவீட்டுப் பகுதியில் வேலை செய்யும் தம்பி ஒருவர் 6 கிழமையாக லீவில் இருக்கிறார். அலுவலகத்தில் எல்லாருக்கும் டெங்கு என்று சொல்லி வைத்திருக்கிறோம். உண்மையில் அவர் மனச்சோர்வுக்காக ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, இப்போது கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். அவருடைய அம்மா எனக்கு மட்டும்தான் சொன்னார். வருகிற திங்கட்கிழமை அவர் வேலைக்கு வருகிறார். இப்படி மூடி மறைத்து மறைத்துத்தான் எங்கள் ஆட்கள் கெட்டுப்போகிறார்கள் என்று எனக்குக் கோபமாக இருக்கிறது. அன்று காலைக் கூட்டத்துக்கு ஓர் உளவளத்துணையாளரைக் கூப்பிட்டு, மனச்சோர்வு பற்றி எல்லாரும் மனம்விட்டுக் கதைக்க ஒழுங்கு செய்யலாமா? அவருக்குத் தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நான் கேட்கலாமா, கேட்டால் அதுவே தூண்டிவிட்டதாகிவிடுமா? கொஞ்ச நாளாக எனக்கும் நித்திரை இல்லை. அதை யாரிடம் சொல்வது என்றும் தெரியவில்லை.
பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை அப்படியே போடவில்லை. ஆளைக் காட்டிக்கொடுக்கக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன், சிலதை மாற்றிவிட்டேன். எங்கள் ஊரில் வேலை செய்யும் இடமும் வயதும் தெரிந்தால், ஆள் யார் என்று பின்னேரத்துக்குள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமைக் கூட்டத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள்.

உங்கள் நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்று காலை அந்த அறையில் என்ன நடக்கும் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். 6 கிழமை கழித்து ஒருவர் வந்து கதிரையில் இருக்கிறார். வெளியாள் ஒருவர் எழுந்து மனச்சோர்வின் அறிகுறிகள் என்ன என்று விளங்கப்படுத்தத் தொடங்குகிறார். இரண்டாவது நிமிடமே எல்லாக் கண்ணும் அந்தத் தம்பியின் பக்கம் திரும்பும். டெங்குக்கு யாரும் 6 கிழமை லீவு எடுப்பதில்லை என்பது உங்கள் ஆட்களுக்குத் தெரியாததா? அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிற சந்தேகத்தை நீங்கள் கூட்டம் வைத்து உறுதிப்படுத்திக் கொடுத்ததாகிவிடும். அவர் ஒரு சொல்லும் சொல்லாமலே அவருடைய கதை அம்பலமாகிவிடும்.

மனம்விட்டுக் கதைக்கிற வேலைத்தலம் வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படுகிறீர்கள். அது வர வேண்டும் என்றால் முதலில் ஒரு விஷயம் எல்லாருக்கும் தெளிவாக இருக்க வேண்டும்: ஒருவருடைய நோயைப் பற்றிச் சொல்வதா, யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதெல்லாம் அவருடைய முடிவு. அவருடைய வேலையைப் பற்றிக் கதைப்பதுதான் உங்கள் பொறுப்பு. அநேகமான முகாமையாளர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். என்ன வருத்தம், எந்த டொக்டர், என்ன மருந்து, வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். மாதம் எத்தனை வீடு ஏறி இறங்குகிறீர்கள், எந்த வீட்டுக்குப் போகப் பயமாக இருக்கிறது என்று ஒருநாளும் கேட்க மாட்டார்கள்.

மூடி மறைப்பதைப் பார்த்துக் கோபப்படுகிறீர்கள். அந்தக் கோபத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த அம்மா டெங்கு என்று சொன்னது அறியாமையால் அல்ல. அவர் கணக்குப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார். கலியாணம் ஆகாத மகன். அவருக்குப் பின்னால் ஒரு தங்கச்சி இருந்தால் அவளின் சம்பந்தமும் இதில் இருக்கிறது. குறிப்பு ஒப்பிடும்போது எட்டுப் பொருத்தம் பொருந்தி வந்தாலும், "பொடியன் ஆஸ்பத்திரியிலை இருந்தவனாம்" என்ற ஒரு கதை போதும். அதோடு இத்தனை வருடமாக அங்கொடை என்ற ஊரின் பெயரையே பகிடியாக்கி வைத்திருக்கிறோம். அங்கே இருக்கிற மனநோய் ஆஸ்பத்திரிக்குத் தேசிய மனநல நிறுவகம் என்று பெயர் மாறியும் பகிடி மாறவில்லை. இந்த நிலைமையில் ஒரு தாய் பொய் சொன்னால் அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. வீட்டுக்காரர் சிலர் "ஏழரைச் சனி, அதுதான் இப்படி" என்றும் சொல்வார்கள். அதோடும் சண்டை பிடிக்க வேண்டாம். நல்லூருக்கு நேர்த்தி வைப்பதும் கிளினிக்குக்குப் போவதும் ஒன்றுக்கொன்று எதிரில்லை, மருந்து நிற்காமல் இருந்தால் சரி.

இனித் திங்கட்கிழமைக்கு முன்னால் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். வியாழன் அல்லது வெள்ளி, அவருக்கு நீங்களே ஒரு போன் எடுங்கள். அம்மா மூலமாகக் கேட்க வேண்டாம், அவர் பெரிய ஆள். வட்ஸ்அப்பில் எழுத்தாகவும் வேண்டாம். இப்படித் தொடங்கலாம்: "தம்பி, நீங்கள் திரும்பி வாறது எனக்கு நல்ல சந்தோஷம். அம்மா எனக்குக் கொஞ்சம் சொன்னவ. நான் அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை, சொல்லவும் மாட்டன். நீங்கள் விரும்பினால் மட்டும் அதைப் பற்றிக் கதைக்கலாம். இப்ப எனக்குத் தெரிய வேண்டியது வேலை விஷயம்தான்."

உங்களுக்குத் தெரியும் என்பதை அவரிடம் மறைக்காதீர்கள். தெரியாத மாதிரி நீங்கள் நடிக்க, அவரும் உங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு டெங்குக் கதையைக் கட்டிக்கொண்டு வர, இரண்டு பேருக்கும் அது பெரும் சுமை.

பிறகு அவரிடம் கேளுங்கள்: மற்றவர்கள் கேட்டால் நான் என்ன சொல்ல வேண்டும்? அவர் டெங்கு என்றே இருக்கட்டும் என்று சொன்னாலும், ஒரு யோசனை சொல்லிப் பாருங்கள். டெங்கு என்று சொன்னால் கேள்வி அதோடு நிற்காது. பிளேட்லெட் எவ்வளவுக்கு இறங்கினது, எந்த வாட்டில் இருந்தனீர், பப்பாசி இலைச் சாறு குடிச்சனீரா என்று மத்தியானச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொருவராகக் கேட்பார்கள். ஒரு பொய்க்கு மேல் பத்துப் பொய் கட்ட வேண்டி வரும், அதற்கு இப்போது அவரிடம் தெம்பு இருக்காது. "உடம்பு ஏலாமல் இருந்தனான், இப்ப சுகம், மருந்து எடுக்கிறன்" என்பது முழுக்க உண்மை. அதற்கு மேல் யாராவது தோண்டினால் கதையை மாற்றிவிடும் உரிமை அவருக்கு இருக்கிறது. நீங்களும் அதே வசனத்தையே சொல்லுங்கள். இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொன்னால்தான் கதை வளரும்.

அந்தப் போனிலேயே கிளினிக் நாட்களையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். யாழ் போதனா வைத்தியசாலை, தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலை இரண்டிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, காசும் தேவையில்லை. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக் என்றால் வேலை நாளில் போய் வரிசையில் இருக்க வேண்டும், அரை நாள் போய்விடும். இங்கேதான் உங்கள் உதவி உண்மையில் தேவைப்படும். தனியார் அலுவலகங்களுக்குரிய 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டத்தில் வருடத்துக்கு 14 நாள் வருடாந்த லீவும் 7 நாள் அமய லீவும்தான் இருக்கின்றன. சுகவீனத்துக்கும் அந்த 7 நாளைத்தான் எடுக்க வேண்டும். 6 கிழமை வீட்டில் இருந்தவருக்கு இனி மிஞ்சி ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு கிளினிக்குக்கும் சம்பளம் வெட்டினால் மூன்றாம் மாதம் கிளினிக்கை நிறுத்திவிடுவார், நான் அதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாதம் ஓர் அரை நாளைச் சனிக்கிழமை வேலையோடு ஈடு செய்ய விடலாமா, பின்னேரம் கொஞ்சம் கூட நிற்க விடலாமா என்று தலைமை அலுவலகத்தோடு இப்போதே கதைத்து எழுத்தில் வாங்கி வையுங்கள். கேட்கும்போது "தொடர் வைத்தியம்" என்று சொன்னால் போதும், நோயின் பெயர் தேவையில்லை.

மெடிக்கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வைத்தியச் சான்றிதழ் எந்தப் பிரிவில் இருந்து வந்தது என்று அதிலேயே இருக்கும். லீவு பதிகிற பிள்ளையின் மேசையில் அது ஒரு நாள் திறந்தபடி கிடந்தால், கன்ரீன்காரர் வரைக்கும் கதை போய்விடும். நீங்களே வாங்கி, உறையில் போட்டு, பூட்டுகிற லாச்சியில் வையுங்கள். கொழும்புக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டி வந்தால், தலைப்பில் நோயின் பெயரைப் போடாமல், யாருக்கு அவசியமோ அவருக்கு மட்டும் அனுப்புங்கள்.

அவர் வந்த பிறகு நீங்கள் எதை எதிர்பார்க்கலாம் என்றும் சொல்ல வேண்டும். மனச்சோர்வு மருந்து காய்ச்சல் குளிசை மாதிரி வேலை செய்யாது. பலன் தெரியவே சில கிழமைகள் செல்லும். நல்லாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது 6 மாதமாவது தொடரச் சொல்லித்தான் வைத்தியர்கள் அநேகமாகச் சொல்வார்கள். "இப்ப நல்லாத்தானே இருக்கிறாய், ஏன் இன்னும் மருந்து?" என்று கேட்கும் அன்பான நண்பர்கள்தான் பல பேரை மறுபடி ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள். சில மருந்துகள் காலையில் மந்தமாக்கும். முகத்தில் பழைய களை வந்துவிடும், ஆனால் கவனமும் ஞாபகமும் வரப் பிறகும் நாள் எடுக்கும். ஒரே கணக்கை இரண்டு தரம் பார்ப்பார். அதைச் சோம்பேறித்தனம் என்று யாரும் எடுத்துவிடக் கூடாது.

உங்கள் அறவீட்டு ஆட்கள் மோட்டார் சைக்கிளில் சங்குப்பிட்டிப் பாலம் தாண்டிப் பூநகரிப் பக்கம் எல்லாம் போகிறவர்கள் என்று எழுதியிருந்தீர்கள். நித்திரைத் தூக்கம் தருகிற மருந்து எடுப்பவர் அந்த வெயிலில் அவ்வளவு தூரம் ஓடலாமா என்று அவர் தன் வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டும். கேட்டுச் சொல்லும்வரை அவரை அலுவலகத்துக்குள் இருக்கும் வேலையில் விடுங்கள். கோப்புப் பார்க்கலாம், போனில் நினைவூட்டலாம். ஆனால் புதுப் பெயர், புதுக் கதிரை எல்லாம் கொடுத்து ஒதுக்கிவிடாதீர்கள். தன் பழைய மேசையில், குறைந்த வேலையோடு, எத்தனை கிழமைக்கு இந்த ஒழுங்கு என்று முன்கூட்டியே சொல்லி விடுங்கள். முடிவு நாள் தெரியாத சலுகையை ஆட்கள் தண்டனை என்றுதான் எடுப்பார்கள்.

இப்போது அந்த வேலைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்றது இந்த இடத்தில்தான். நீங்கள் அதை ஒரே வரியில் கடந்து போய்விட்டீர்கள்.

அறவீட்டில் வேலை செய்கிற பிள்ளைகள் என்னிடம் வருகிறார்கள். அநேகமாக நித்திரை இல்லை, வயிறு எரிகிறது, நெஞ்சு பாரமாக இருக்கிறது என்றுதான் வருவார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக் கேட்டு அந்த நாள் எனக்கும் பழகிவிட்டது. காலையில் ஒரு வீட்டுக்குப் போகிறார்கள். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரை எடுத்துப் போட்டு, பிளேன்ரீ ஊற்றிக் கொடுக்கிறார் அந்த அம்மா. புருஷன் இல்லை. கோழி வளர்க்க எடுத்த கடன், அதைக் கட்ட இன்னொரு இடத்தில் எடுத்த கடன். "தம்பி, இந்த மாசமும் ஏலாது" என்கிறார். பிள்ளை கதவுக்குப் பின்னால் நின்று பார்க்கிறது. பிளேன்ரீயைக் குடித்தால் கடன் கேட்க வாய் வராது, குடிக்காமல் வைத்தால் அவமதித்ததாகிவிடும். கேட்காமல் திரும்பினால் 6 மணிக்கு வட்ஸ்அப் குழுவில் அவருடைய பெயர் சிவப்பில் வரும். அடுத்த நாளும் அதே முற்றம். இதில் பல வீடுகளில் தங்கள் அம்மாவின் ஊர் ஆட்களும் தங்களோடு படித்தவனின் தாயும் இருப்பார்கள். கடன்பட்டவர்களின் துயரத்தைப் பற்றி எங்கள் மாகாணத்தில் நிறையக் கதைத்திருக்கிறோம், கதைக்கத்தான் வேண்டும். அந்த வீட்டு வாசலில் கொம்பனியின் பெயர் போட்ட சேர்ட்டோடு நிற்கிற பொடியனின் மனம் என்ன பாடுபடும் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

அவர் வன்னியில் வளர்ந்தவர், 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளை, அதனால்தான் இப்படி என்று நினைக்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கலாம். போர் தனி ஆளை மட்டும் இல்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக எழுதி வந்திருக்கிறார். அந்தக் காயம் இங்கே எல்லாருக்குள்ளும் ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. ஆனால் அதைத் தோண்ட வேண்டியது நீங்கள் அல்ல. அவராகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாக 2009க்குப் போகாதீர்கள். அதைவிட முக்கியமாக, எல்லாப் பழியையும் போரின் தலையில் போட்டுவிட்டு அலுவலகம் தப்பிக்கொள்ளக் கூடாது. போரை உங்களால் மாற்ற முடியாது. 6 மணிச் சிவப்புப் பட்டியலை உங்களால் நாளைக்கே நிறுத்த முடியும்.

நான் சும்மா சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் வேலைத்தல மனநலத்துக்கு 2022இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வேலையின் பளுவையும் ஒழுங்கையும் மாற்றுவது, முகாமையாளர்களைப் பயிற்றுவது, சிகிச்சை எடுத்தவர் வேலைக்குத் திரும்பத் துணை செய்வது எல்லாம் அதில் இருக்கின்றன. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் முழுவதும் வருடத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் போகின்றன என்பது அவர்களுடைய மதிப்பீடு. தலைமை அலுவலகத்தோடு கதைக்கும்போது இந்த எண்ணைச் சொல்லுங்கள், எண்ணைச் சொன்னால் சில பேருக்குக் காது திறக்கும். ஒரு நாள் ஆளைக் கூப்பிட்டுப் பேச்சு வைத்து, அடுத்த நாள் அதே பட்டியல் வந்தால், "இவையளோடை மனம்விட்டுக் கதைச்சு என்ன பிரயோசனம்" என்றுதான் ஆட்கள் முடிவெடுப்பார்கள்.

அப்படியானால் உங்கள் கிளையில் கதை எங்கே தொடங்கலாம்? ஒரு மாதம் போகட்டும். அவரையும் அந்தக் கூட்டத்தையும் யாரும் முடிச்சுப் போடாத ஒரு நேரம் பார்த்து, வேலையில் இருந்து தொடங்குங்கள். வெள்ளிக்கிழமை பின்னேரம் அறவீட்டு ஆட்களோடு கொஞ்ச நேரம் இருந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கிழமை எந்த வீடு கஷ்டமாக இருந்தது?" "எப்படி இருக்கிறீங்கள்?" என்று கேட்டால் எங்கள் ஆட்கள் "ஏதோ இருக்கிறம்" என்று முடித்துவிடுவார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டால் தங்களைப் பற்றியும் சொல்லத் தொடங்குவார்கள். முதல் கிழமை நீங்களே சொல்லுங்கள், உங்களுக்கு எந்தக் கோப்பு கஷ்டமாக இருந்தது என்று. முதலாளி இடத்தில் இருப்பவர் வாய் திறக்காமல் கீழே உள்ளவர் திறக்க மாட்டார். அந்த நேரத்தில் யாரும் இலக்கைப் பற்றி ஒரு சொல் சொல்லக் கூடாது. சொன்னதில் ஒன்றையாவது அடுத்த கிழமைக்குள் மாற்றிக் காட்டுங்கள். ஒரு வீட்டுக்கு ஒருவரே திரும்பத் திரும்பப் போகாமல் மாற்றிவிடுவது போன்ற சின்ன விஷயம் என்றாலும் பரவாயில்லை.

ஆட்கள் வார்த்தையால் சொல்லும்வரை காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் மனம் முதலில் உடம்பு வழியாகத்தான் கதைக்கும். அடிக்கடி பெருமூச்சு விடுகிறவர், திங்கட்கிழமை தோறும் தலையிடி என்று லீவு எடுக்கிறவர், சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போகிறவர், முன்னர் பகிடி விட்டுவிட்டு இப்போது யன்னல் பக்கம் திரும்பி இருக்கிறவர், இவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளாக நீங்கள் சாப்பிடுறேல்லை, கவனிச்சனான், என்ன மாதிரி?" என்று கேளுங்கள். கண்ட ஒன்றைச் சொல்லிக் கேட்கும்போது அக்கறை தெரியும். உங்கள் அறைக் கதவை மூடிக் கதைத்தால் வெளியே இருப்பவர்கள் ஏதோ விசாரணை என்று நினைப்பார்கள். பின்பக்க வராந்தாவில் தேத்தண்ணியோடு நின்று கதைக்கலாம். பெண்பிள்ளைகள் உங்களிடம் வருவார்கள், ஆண்கள் தயங்குவார்கள். அவர்கள் மதிக்கும் ஓர் அண்ணா கிளையில் இருப்பார், அவரையும் இதற்குத் தயார்ப்படுத்துங்கள். வாய் காப்பவராக இருக்க வேண்டும், அது ஒன்றே தகுதி.

ஒருவர் சொல்லத் தொடங்கினால் குறுக்கே சில வசனங்கள் எங்கள் வாயில் தானாக வந்துவிடும். "நாங்கள் பங்கருக்குள்ளை இருந்து குப்பி விளக்கிலை படிச்சனாங்கள், இது ஒரு கஷ்டமே?" இது இங்கே மிகவும் புழங்குகிற வசனம், எனக்கு மிகவும் பயமான வசனமும் இதுதான். இதைக் கேட்ட பிள்ளை அதற்குப் பிறகு வாயே திறக்காது. "கலியாணம் ஒண்டைக் கட்டினால் எல்லாம் சரி வரும்" என்பதும் வேண்டாம். "பின்னேரம் வாடா, ஒரு போத்தலோடை எல்லாம் மறந்திடும்" என்று கூப்பிடும் நண்பர்களிடம் நீங்கள் தனியாகக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சாராயம் மனச்சோர்வைக் கூட்டும், மருந்தோடு சேர்ந்தால் ஆபத்தும் வரலாம். யாராவது விசர் என்றும் அங்கொடை என்றும் பகிடி விட்டால் கூட்டத்தில் வைத்து ஏச வேண்டாம். பிறகு தனியாகக் கூப்பிட்டு, "இந்தக் கிளையிலை இந்தப் பகிடி வேண்டாம்" என்று ஒரு வசனத்தில் முடியுங்கள்.

தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கலாமா என்று கேட்டீர்கள். கேட்கலாம். கேட்டால் இல்லாத எண்ணம் முளைத்துவிடும் என்பது உண்மையில்லை. தன்னால் வாயால் சொல்ல முடியாததை இன்னொருவர் பயப்படாமல் கேட்கும்போது அநேகருக்கு ஆறுதல்தான் வரும். ஆனால் திங்கட்கிழமை வந்தவுடன் கடமைக்காகக் கேட்க வேண்டியதில்லை. "நான் இருந்தென்ன", "எல்லாருக்கும் பாரமாக இருக்கிறன்" என்ற மாதிரிக் கதை வந்தால், தன் பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கினால், திடீரென்று எல்லாரிடமும் விடைபெறுகிற மாதிரிக் கதைத்தால், அப்போது தாமதிக்காமல் கேளுங்கள்: "தம்பி, செத்துப் போகலாம் எண்ட யோசினை வருதா?" சுற்றி வளைக்க வேண்டாம். "அப்பிடி ஒண்டும் யோசிக்கேல்லைத்தானே?" என்று கேட்டால் அவர் இல்லை என்றுதான் சொல்வார், கேள்வியிலேயே பதிலைக் கொடுத்துவிட்டீர்கள்.

ஓம் என்று சொன்னால் பதறாதீர்கள், புத்திமதியும் வேண்டாம். "எனக்குச் சொன்னது நல்லது" என்று சொல்லிவிட்டுக் கூடவே இருங்கள். எப்படி என்று திட்டம் ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். திட்டம் இருந்தால், மருந்தோ நஞ்சோ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால், அவரைத் தனியே வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். குடும்பத்தில் அவர் நம்பும் ஒருவரை வரச் சொல்லி, அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். போதனா வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு எந்த நேரமும் திறந்திருக்கும். அவருடைய ரகசியத்தைக் காப்பேன் என்று கொடுத்த வாக்கு இந்த ஓர் இடத்தில் மட்டும் செல்லாது. அதை அவருக்கே சொல்லுங்கள்: "உங்கடை உயிர் விஷயம் எண்டபடியால் நான் ஒருத்தருக்குச் சொல்லத்தான் வேணும்." என்ன செய்வது என்று தெரியாவிட்டால் 1926க்கு அடியுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் அது, 24 மணிநேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம். பொலிஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகாமல் விடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தற்கொலை முயற்சி குற்றம் என்ற சட்டப் பிரிவை இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது. இதை உங்கள் ஆட்கள் எல்லாருக்கும் தெரியப்படுத்துங்கள்.

கடைசியாக, உங்கள் நித்திரை. கடிதத்தின் அடியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மேலே இருந்து வருகிற இலக்கும் கீழே இருந்து வருகிற கண்ணீரும் சந்திக்கிற இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். அந்தத் தம்பி படுத்த நாளில் இருந்து "நான் முதலே கவனித்திருக்க வேண்டுமோ" என்று இரவில் யோசிக்கிறீர்கள் என்று உங்கள் எழுத்தில் இருந்தே தெரிகிறது. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை குழம்பியிருந்தால் நீங்களும் ஒரு வைத்தியரைப் பார்க்க வேண்டும். பார்மசியில் கேட்டு நித்திரைக் குளிசை வாங்கிப் போட வேண்டாம். முதலில் மனம் திறந்து கதைத்துப் பார்ப்போம் என்றால், யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற உளவளத்துணை நிலையங்கள் இருக்கின்றன. தெரிந்தவர்கள் கண்டுவிடுவார்கள் என்று தயங்கினால், 1926க்கு அடித்து உங்கள் பெயரைச் சொல்லாமலே கதைக்கலாம். திங்கட்கிழமைக்கு முன்னரே ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். தலைமை அலுவலகத்துக்கு இப்போதே சொல்ல வேண்டியதில்லை. லீவுப் படிவத்தில் "வைத்தியரைப் பார்க்க" என்று எழுதினால் போதும்.